மண்ணைப் படித்த மாமனிதர் ஜியாகோமோ போனி



மண்ணை வெட்டத் தெரிந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. மண்ணைப் படிக்கத் தெரிந்த ஒருவரை உங்களுக்குத் தெரியுமா? அவர்தான் ஜியாகோமோ போனி.

1859-ஆம் ஆண்டு இத்தாலியின் வெனிஸ் நகரில் பிறந்தார். இளம் வயதிலேயே அங்குள்ள பழைய அரண்மனையைப் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்தார். கல்லோடும் சுண்ணாம்போடும் பழகிய அவரிடமே, 1898-இல் ரோமாபுரியின் பழைய பொதுத்திடலைத் தோண்டும் பொறுப்பு வந்து சேர்ந்தது.

ஒரு காலத்தில் கோவில்களும் பலிபீடங்களும் நிறைந்திருந்த திடல் அது. பேரரசு வீழ்ந்த பிறகு மண் மூடி, மாடு மேயும் இடமாகிப் போனது. முன்பு தோண்டியவர்கள் பலர் சிலையோ பளிங்கோ கிடைத்தால் எடுத்துக்கொண்டு மண்ணை வாரிக் கொட்டிவிட்டார்கள். போனி அப்படிச் செய்யவில்லை. மேல்மண் பிந்திய காலம், அடிமண் முந்திய காலம் அல்லவா? கலைத்துவிட்டால் திரும்ப அடுக்க முடியுமா? ஆகவே அடுக்கடுக்காக நீக்கினார். எந்த அடுக்கில் எந்த ஓடு, எந்த எலும்பு என்று பொறுமையாகக் குறித்துவைத்தார். பலூனை மேலே அனுப்பித் திடலைப் படமும் எடுக்கச் செய்தார்.

1899 சனவரியில் கறுப்புக்கல் பாவிய ஒரு தளம் தென்பட்டது. கிடைத்தது போதும் என்று அவர் நின்றுவிடவில்லை. இன்னும் கீழே போனார். அங்கே ஒரு பலிபீடம்! சாம்பல், பலியிட்ட விலங்குகளின் எலும்புகள், சிறுசிறு வெண்கல உருவங்கள். கூடவே உச்சி உடைந்த ஓர் எழுத்துக்கல். ஏர் உழுகிறவர் கொண்டிமாட்டைத் திருப்புவதுபோல, ஒரு வரி இப்படிப் போனால் அடுத்த வரி எதிர்ப்பக்கம் திரும்புகிறது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இன்றுவரை முழுமையாகப் படித்து முடிக்கப்படவில்லை. ஆனால் அதில் அரசன் என்னும் சொல் இருக்கிறது. ரோமின் ஆதி அரசர்கள் வெறும் கட்டுக்கதை என்று சொல்லிவந்தவர்கள் மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று.

1900-இல் யுடர்னா தேவியின் ஊற்றையும், 1902-இல் மிகப் பழைய கல்லறைகளையும் கண்டெடுத்தார். கண்டதில் பலவற்றை முழுதாக எழுதி வெளியிடாமலே 1925-இல் காலமானார். ஆனாலும் அவர் குறித்துவைத்த ஏடுகளும் படங்களும் பின்வந்த ஆராய்ச்சியாளர்களுக்குக் கைகொடுத்தன. தாம் தோண்டிய திடலை ஒட்டிய பாலட்டைன் குன்றிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

மாணவர்களே, பரிசு மேலேயே கிடைத்துவிட்டது என்று நின்றுவிடாதீர்கள். இன்னும் ஓர் அடி ஆழமாகத் தோண்டிப் பாருங்கள். கண்டதைக் குறித்தும் வையுங்கள்.