மருத்துவர் கண்ட ஒலிக்குடம்

கல்லூரி விழா மேடையின் இருபுறமும் நிற்கும் ஒலிபெருக்கிப் பெட்டிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவற்றுள் சிலவற்றின் முகப்பில் ஒரு துளை இருக்கும். அது காற்றோட்டத்திற்காக வைத்த துளை அன்று. கணக்கிட்டு அமைத்த துளை. அக்கணக்கின் வேரைத் தேடிச் சென்றால் செருமானிய அறிஞர் ஒருவரிடம் போய் நிற்போம். அவரே ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

போட்ஸ்டாம் நகரில் 1821-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். அவர் விரும்பியது இயற்பியல். அதைப் படிக்க வைக்கக் குடும்பத்தில் வசதி இல்லை. பெர்லினில் அரசுச் செலவில் மருத்துவம் பயிலலாம். ஆனால் பின்னர் எட்டாண்டுகள் படையில் பணியாற்ற வேண்டும். 1838-இல் அதில் சேர்ந்தார். மருத்துவம் கிடைக்காமல் இயற்பியலுக்கு வந்தோர் நம்மிடையே உண்டு. இவரோ இயற்பியல் கிடைக்காமல் மருத்துவத்திற்குப் போனவர்!

போனவர் சோர்ந்துவிடவில்லை. படை மருத்துவராக இருந்துகொண்டே 1847-இல் ஆற்றல் அழிவின்மையை விளக்கும் கட்டுரையை எழுதினார். முன்னணி இயற்பியல் ஏடு அதை ஏற்க மறுத்தது. தனி நூலாக வெளியிட்டார். பின்னர்ப் பேராசிரியரானார். நரம்பில் உணர்ச்சி பாயும் வேகத்தை அளந்தார். கண்ணின் உட்புறத்தைக் காட்டும் கருவியை 1851-இல் உலகிற்கு அளித்தார்.

கண்ணை ஆராய்ந்தவர் காதையும் ஆராய்ந்தார். ஒரே சுரத்தை வீணையும் குழலும் எழுப்பினால் வேறுபாடு தெரிகிறதே, எப்படி? இதை அறிய, உள்ளே வெறுமையான உருண்டைகளைப் பயன்படுத்தினார். ஒவ்வொன்றுக்கும் இரு துளைகள். ஒன்றைக் காதில் பொருத்திக்கொள்ள வேண்டும். உருண்டைக்குரிய சுரம் வெளியே எழும்பொழுது மட்டும் அது உரக்க ஒலிக்கும். இவ்வாறு ஓர் ஓசையில் கலந்துள்ள மேற்சுரங்களைப் பிரித்தறிந்தார். இவ்வாராய்ச்சியின் பயனாக 1863-இல் அவருடைய பெருநூல் வெளிவந்தது.

வெறும் புட்டியின் வாயில் ஊதிப் பாருங்கள். கழுத்திலுள்ள காற்று எடைக்கல் போலவும், வயிற்றிலுள்ள காற்று சுருள்வில் போலவும் இயங்கி ஒரே சுரத்தை எழுப்பும். கொள்ளளவை நான்கு மடங்காக்கினால் அதிர்வெண் பாதியாகும். கழுத்தை நீட்டினாலும் ஒடுக்கினாலும் அதிர்வெண் குறையும்.

துளையிட்ட ஒலிபெருக்கிப் பெட்டியும் இத்தகைய குடமே. ஒலிபெருக்கிக் கூம்பின் முன்புறம் காற்றை நெருக்கும்பொழுது பின்புறம் விரிக்கிறது. இரண்டும் கலந்தால் தாழ்ந்த ஓசை தேய்ந்துவிடும். பெட்டியில் குழாய் பொருத்திச் சுருதி சேர்த்தால், அந்தச் சுருதியை ஒட்டிய ஓசைகளில் குழாயின் காற்று முன்புற ஓசைக்குத் துணைநிற்கும். சரியான சுருதியில் கூம்பு மிகக் குறைவாகவே அசைய, குழாயே பெரும்பாலும் ஒலிக்கும். அதற்குக் கீழே இறங்கினாலோ காற்றின் பிடி தளர்ந்து கூம்பு அளவு மீறி ஆடும். குழாய் மிக ஒடுங்கினால் காற்று சீறும். அகன்றால் நீளமும் கூட வேண்டும். முனைக்கு வெளியேயுள்ள காற்றும் உடன் ஆடுவதால், நாம் ஆய்வகத்தில் செய்யும் முனைத் திருத்தம் இங்கும் தேவை. திறந்த முனைக் குழாய்களில் காற்று அதிர்வதை ஆராய்ந்து 1860-இல் வெளியிட்டவரும் ஹெல்ம்ஹோல்ட்ஸே.

இத்தகைய பெட்டிக்கு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் 1932-இல் காப்புரிமை பெற்றார். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், ரிச்சர்டு ஸ்மால் 1970-களிலும் அதன் வடிவமைப்பை முறையான கணக்காக்கினர்.

இவற்றைக் காண ஹெல்ம்ஹோல்ட்ஸ் இல்லை. 1894 செப்டம்பர் 8-இல் மறைந்துவிட்டார். எனினும் தாம் விரும்பிய துறையை அடைந்துவிட்டே மறைந்தார். 1871-இல் பெர்லின் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியரானார், தம் ஐம்பதாம் வயதில்! ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் அவருடைய மாணவர்.

கேட்ட பாடம் கிடைக்கவில்லையே என்று வருந்தும் நண்பர்களே, மருத்துவம் படித்ததனால்தான் அவர் காதை அறிந்தார்; இயற்பியலை மறவாததனால்தான் ஒலியை அறிந்தார். கிடைத்ததைக் கற்போம், விரும்பியதை விடாதிருப்போம்.