பொம்மை கார்களில் இன்னும் ஓடும் அயர்டன் சென்னா: யார் இவர்? சேகரிப்பை எப்படி தொடங்குவது?

2025-ல் இத்தாலியின் இமோலா ரேஸ் டிராக்கில், ஒரு சிலையின் பாதத்தில் நடிகர் அஜித் முத்தமிட்ட வீடியோ தமிழ்நாடு முழுக்க வைரலானது. அந்தச் சிலைக்குரியவர்தான் அயர்டன் சென்னா. இறந்து 30 ஆண்டுகள் தாண்டிய பிறகும் இவரது பொம்மை கார், குட்டி ஹெல்மெட், தொப்பி எல்லாம் உலகம் முழுக்க விற்கின்றன. தஞ்சாவூர் மாவட்டம் பூதலூரில் ரேஸ் டிராக் கிடையாது. நெல் வயலும் திருச்சி - தஞ்சை ரயில் பாதையும்தான். ஆனால் அங்கிருந்தும் இந்தச் சேகரிப்பைத் தொடங்கலாம். அதற்கு முன்னால் சென்னாவின் கதை தெரிய வேண்டும்.

புல்வெட்டி இன்ஜினில் தொடக்கம்

1960 மார்ச் 21, பிரேசிலின் சாவ் பாலோவில் பிறந்தார். 4 வயதில் அப்பா கொடுத்த குட்டி கார்ட், புல்வெட்டும் இயந்திரத்தின் இன்ஜினில் ஓடியது. அப்பா வழிப் பெயரான ட சில்வா பிரேசிலில் தெருவுக்குத் தெரு இருக்கும் பெயர். அதனால் அம்மா வழிப் பெயரான சென்னாவையே வைத்துக்கொண்டார்.

1981-ல் இங்கிலாந்து போனார். 1984-ல் டோல்மேன் அணியில் ஃபார்முலா ஒன் வாய்ப்பு. அந்த வருடம் மொனாக்கோவில் கொட்டும் மழையில் 13-வது இடத்தில் கிளம்பி 2-வதாக வந்தார். சுமாரான காரில் இப்படி ஓட்டியது யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 1985-ல் போர்ச்சுகலில் கறுப்பு லோட்டஸ் காரில் முதல் வெற்றி. அன்றும் மழைதான்.

சிவப்பு - வெள்ளை கார்

1988-ல் மெக்லாரன் அணிக்கு மாறினார். அந்த ஆண்டு நடந்த 16 பந்தயங்களில் 15-ஐ அந்த அணியே ஜெயித்தது. அதில் 8 சென்னாவுடையது. 1988, 1990, 1991 என மூன்று முறை உலக சாம்பியன். மொத்தம் 161 பந்தயம், 41 வெற்றி, 65 முறை முதலிடத்தில் நின்று தொடக்கம்.

இமோலாவில் நடந்தது என்ன?

1994-ல் வில்லியம்ஸ் அணி. முதல் இரண்டு பந்தயத்திலும் முடிவுக்கோட்டைத் தொடவில்லை. மூன்றாவது இமோலா. முதல் நாள் தகுதிச் சுற்றில் ஆஸ்திரிய வீரர் ரோலண்ட் ராட்சன்பெர்கர் விபத்தில் இறந்தார். மறுநாள் மே 1, 7-வது சுற்றில் டம்புரெல்லோ வளைவில் சென்னாவின் கார் சுவரில் மோதியது. வயது 34. நொறுங்கிய காருக்குள் ஓர் ஆஸ்திரியக் கொடி இருந்தது. ஜெயித்தால் ராட்சன்பெர்கருக்காக அதை அசைக்க நினைத்திருந்தார்.

பிரேசில் அரசு 3 நாள் துக்கம் அறிவித்தது. ரேஸ் டிராக், கார் பாதுகாப்பு விதிகள் தலைகீழாக மாறின. அதே ஆண்டு அக்கா விவியானே தொடங்கிய சென்னா அறக்கட்டளை, பிரேசில் குழந்தைகளின் படிப்புக்கு உழைக்கிறது. சென்னா பெயரில் உரிமம் பெற்று விற்கும் பொருட்களின் ராயல்டி இங்கேதான் போகிறது. அசல் பொருளா, டூப்ளிகேட்டா என்று பார்ப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

எதில் தொடங்கலாம்?

அளவு: 1:64 என்றால் சுமார் 7 செ.மீ., 1:43 என்றால் 10 செ.மீ., 1:18 என்றால் 24 செ.மீ. நீளம். அலமாரி சின்னது என்றால் 1:43 சரியாக இருக்கும்.

முதல் பொருள்: மஞ்சளில் பச்சை, நீலப் பட்டை போட்ட ஹெல்மெட்டின் குட்டி மாடல். அல்லது 1988 மெக்லாரன். 2024-ல் லெகோ வெளியிட்ட மெக்லாரன் செட்டில் 693 துண்டுகளும் குட்டி சென்னா பொம்மையும் உண்டு.

லோகோ இல்லையே? பயப்பட வேண்டாம். அசல் காரில் சிகரெட் விளம்பரம் இருந்தது. புகையிலை விளம்பரக் கட்டுப்பாட்டால் பல மாடல்களில் அந்த இடம் காலியாக இருக்கும். அது போலி என்று அர்த்தமில்லை.

கையெழுத்து: 1994 மே மாதத்துக்குப் பிறகு தயாரான பொருளில் சென்னா கையெழுத்து இருந்தால் யோசிக்கவே வேண்டாம், போலி. வில்லியம்ஸுக்காக 3 பந்தயம்தான் ஓட்டினார். அந்தக் கார் படத்தில் கையெழுத்து என்றால் இன்னும் கவனம் தேவை.

பராமரிப்பு: டெல்டா மழைக்காலத்தில் ஈரம் அதிகம். பெட்டியோடு வையுங்கள், கூடவே சிலிக்கா ஜெல் பாக்கெட். நேரடி வெயில் பட்டால் நிறம் போய்விடும்.

நம்ம ஊர் வீரர்

கோவை கரிவரதனையும் மறக்க வேண்டாம். ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களை உருவாக்கி, குறைந்த செலவில் நம்ம பசங்களும் ரேஸ் ஓட்ட வழிசெய்தவர், 1995-ல் மறைந்தார். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது. சென்னாவுக்கு மாடல் செய்து தர உலகமே இருக்கிறது. கரிவரதன் காலத்து டிக்கெட், போஸ்டர், பத்திரிகைப் படம் எல்லாம் எடைக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்றால், யாராவது எடுத்து வைத்தால்தான் உண்டு.