சோவியத் ரகசியத்தை ரேடியோவில் பிடித்த பிசிக்ஸ் வாத்தியார்... யார் இந்த ஜெஃப்ரி பெர்ரி?

இங்கிலாந்தின் கெட்டரிங் நகரில் பிசிக்ஸ் வாத்தியாராக இருந்தவர் ஜெஃப்ரி பெர்ரி. சோவியத் யூனியன் வெளியே சொல்லாமல் வைத்திருந்த ராக்கெட் ஏவுதளத்தையும், அங்கிருந்து கிளம்பிய வழிகாட்டி சேட்டிலைட்டுகளையும் பள்ளிக்கூடத்தில் இருந்த ரேடியோவை வைத்தே அடையாளம் காட்டினார். இது எப்படி நடந்தது? விரிவாகப் பார்ப்போம்.

பாடம் நடத்த உதவிய சிக்னல்

1927-ல் பிரெய்ன்ட்ரீ என்ற ஊரில் பிறந்த பெர்ரி, கெட்டரிங் கிராமர் ஸ்கூலில் ஆசிரியராகச் சேர்ந்தார். அதே பள்ளியின் கெமிஸ்ட்ரி ஆசிரியர் டெரெக் ஸ்லேட்டருக்கு அமெச்சூர் ரேடியோவில் ஆர்வம். 1960-களின் தொடக்கத்திலிருந்து ரெண்டு பேரும் சேர்ந்து சோவியத் சேட்டிலைட்டுகளின் சிக்னலைக் கேட்கத் தொடங்கினார்கள்.

முதல் நோக்கம் என்னவோ பாடம் நடத்துவதுதான். ஆம்புலன்ஸ் நம்மை நெருங்கும்போது சைரன் ஒரு மாதிரியும், தாண்டிப் போனதும் வேறு மாதிரியும் கேட்கும் இல்லையா? அதுதான் டாப்ளர் விளைவு. தலைக்கு மேலே பறக்கும் சேட்டிலைட்டின் சிக்னலும் அப்படித்தான் மாறும். அந்த மாற்றத்தை அளந்தால் சேட்டிலைட்டின் வேகத்தையும், எப்போது மிக அருகில் கடந்தது என்பதையும் கணக்குப் போடலாம். மாணவர்களும் ஹெட்போனும் கையுமாக உட்கார்ந்து நேரத்தைக் குறித்தார்கள்.

சிக்கியது ரகசிய ஏவுதளம்

1966 மார்ச்சில் காஸ்மோஸ் 112 என்ற சேட்டிலைட் ஏவப்பட்டது. அது சுற்றிய கோணம், வழக்கமான பைகோனூர் ஏவுதளத்துடன் ஒத்துப்போகவில்லை. அடுத்தடுத்து வந்த சில சேட்டிலைட்டுகளும் இதே மாதிரி வித்தியாசமாக இருந்தன.

ஏவப்பட்ட நேரத்து பாதையைப் பின்னோக்கி வரைந்தால், அந்தக் கோடு ஏவுதளத்தின் மேல்தான் போக வேண்டும். வெவ்வேறு கோணத்தில் போன சேட்டிலைட்டுகளின் கோடுகளைப் பெர்ரி மேப்பில் போட்டார். எல்லாம் ரஷ்யாவின் வடக்கே, பிளெசெட்ஸ்க் அருகே வந்து வெட்டிக்கொண்டன. 1966 இறுதியில் இந்தத் தகவல் வெளியானதும் கெட்டரிங் பள்ளி உலகச் செய்தியானது. அமெரிக்க உளவுத்துறைக்கு அந்த இடம் முன்பே தெரியும், ஆனா வாயைத் திறக்கவில்லை. சோவியத் யூனியனோ 1983-ல்தான் ஒப்புக்கொண்டது.

எல்லாத்துக்கும் ஒரே பேரு

விண்ணில் இருக்கும் பொருட்களுக்கு நம்பர் போட்டு, சுற்றுப்பாதையைப் பதிவு செய்யும் வேலையை அமெரிக்கா செய்துவந்தது. பிரிட்டனின் ஃபார்ன்பரோ ஆய்வு மையமும் சேட்டிலைட் பட்டியல் வெளியிட்டது. ஆனா, ஒரு சேட்டிலைட் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதுமா? அது என்ன வேலை செய்கிறது என்பது யாருக்குத் தெரியும்?

இதில்தான் சிக்கல். உளவு பார்ப்பதோ, ஆராய்ச்சியோ, கப்பலுக்கு வழி காட்டுவதோ, பெரும்பாலானவற்றுக்கு சோவியத் வைத்த பெயர் ஒன்றே ஒன்றுதான்: காஸ்மோஸ். பின்னால் ஒரு நம்பர், அவ்வளவுதான். பட்டியலில் காலியாக இருந்த அந்த இடத்தைத்தான் பெர்ரியின் குழு நிரப்பியது.

ஒளிந்துகொள்ள முடியாத சேட்டிலைட்

உளவு சேட்டிலைட் நினைத்தால் பேசாமல் இருக்கலாம். வழிகாட்டி சேட்டிலைட்டால் அது முடியாது. நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது என்று அது சொல்லிக்கொண்டே இருந்தால்தான் கடலில் இருக்கும் கப்பல் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். கப்பலுக்குக் கேட்பது கெட்டரிங்கிலும் கேட்கும்தானே!

சுமார் 1,000 கி.மீ. உயரம், ஒரு சுற்றுக்கு சுமார் 105 நிமிடம், 150 மற்றும் 400 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. ஏறத்தாழ இதே அலைவரிசைகளைத்தான் அமெரிக்காவின் டிரான்சிட் வழிகாட்டி சேட்டிலைட்டுகளும் பயன்படுத்தின. சிக்னலைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே மாஸ்கோ நேரம் இருந்தது.

ராணுவத்துக்கு 30 டிகிரி இடைவெளியில் ஆறு சுற்றுப்பாதைகள், பொதுப் பயன்பாட்டுக்கு 45 டிகிரி இடைவெளியில் நான்கு என்று இந்த அமைப்பின் முழு வரைபடமும் தெளிவானது. புது சேட்டிலைட் மேலே போனால், அது எந்தப் பாதையில் எந்தப் பழைய சேட்டிலைட்டின் இடத்துக்கு வருகிறது என்றும் குழு குறித்து வைத்தது. குழுவைச் சேர்ந்த சி.டி. வுட்டுடன் பெர்ரி எழுதிய ஆய்வுக் கட்டுரை 1980-ல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது.

உயிரைக் காப்பாற்றிய காஸ்மோஸ்

இதே குடும்பத்தில் வந்த காஸ்மோஸ் 1383, 1982 ஜூனில் ஏவப்பட்டது. வழிகாட்டும் கருவியோடு, ஆபத்தில் சிக்கியவர்களின் அபாய சிக்னலைப் பிடிக்கும் கருவியும் அதில் இருந்தது. சோவியத், அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் ஆகிய நாடுகள் சேர்ந்து தொடங்கிய திட்டம் அது. அதே ஆண்டு செப்டம்பரில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சிறிய விமானம் ஒன்று விழுந்தபோது, இந்த சேட்டிலைட் பிடித்த சிக்னலால் மூன்று பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். பனிப்போர் காலத்தில் பொத்திப் பொத்தி வைத்த ஒரு தொழில்நுட்பம், வெளியே வந்தபோது எதிரணி நாட்டு மக்களையே காப்பாற்றியது.

கடைசி வரை கேட்ட காது

பெர்ரிக்கு 1973-ல் பிரிட்டனின் எம்.பி.இ. விருது கிடைத்தது. ஐ.டி.என். தொலைக்காட்சிக்கு விண்வெளி ஆலோசகராகவும் இருந்தார். கெட்டரிங் குழுவில் ஸ்வீடன், அமெரிக்கா என்று பல நாட்டு ஆர்வலர்கள் சேர்ந்தார்கள். ஓய்வுக்குப் பிறகு கார்ன்வாலில் வாழ்ந்த பெர்ரி, 2000 ஜனவரியில் 72 வயதில் காலமானார்.

இன்று பல ஸ்மார்ட்போன்கள் ஜி.பி.எஸ். உடன் ரஷ்யாவின் குளோனாஸ் சேட்டிலைட்டுகளையும் பயன்படுத்துகின்றன. 1982 அக்டோபரில் அதன் முதல் சேட்டிலைட் மேலே போனபோது அதற்கு வைத்த பேரும் காஸ்மோஸ்தான், நம்பர் 1413. பேரை வைத்து எதையும் மறைக்கலாம், ஆனா வழி காட்டணும்னா அது பேசியே ஆக வேண்டும். அந்தப் பேச்சைப் பொறுமையாகக் கேட்டவர்தான் ஜெஃப்ரி பெர்ரி.