கட்கி நகர் கண்ட மாலிக் அம்பர்

சித்தூர், திருப்பதி வட்டாரத்துச் சிற்றூர்களில் கோடை வந்துவிட்டால் கோயில் திடல்களில் பாரதக்கூத்து தொடங்கும். பகலில் கதை கேட்டும் இரவில் கூத்துப் பார்த்தும் வளர்ந்தவர், ஏட்டைத் தொடாதவராயினும், பாண்டவர் வனவாசத்தை நிகழ்ச்சிமுறை பிறழாமல் சொல்வர். ஆட்டமும் பாட்டும் ஏடாக நிற்கும் இவ்வழக்கம் பிற மக்களிடமும் உண்டு. குஜராத்தில் கிர் காட்டை அடுத்த ஊர்களிலும் கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்திலும் வாழும் சித்தி இன மக்கள், தம் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த நினைவை முழவின் ஒலியிலும் ஆட்டத்தின் அடவிலும் காத்து வந்துள்ளனர். ஐதராபாத்தில் நிஜாமின் ஆப்பிரிக்கக் குதிரைப்படையினர் தங்கியிருந்த பகுதி இன்றும் ஏ.சி. கார்ட்ஸ் என்றே வழங்குகிறது. அப்பெயரிலுள்ள ஏ.சி. குளிரூட்டியைக் குறிப்பதன்று, ஆப்பிரிக்கக் குதிரைப்படை என்பதன் ஆங்கில முதலெழுத்துகளே அவை. அந்நகரத் திருமண ஊர்வலங்களில் முழங்கும் மர்ஃபா இசையிலும் அம்மக்களுக்குப் பங்குண்டு.

ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வந்தோருள் பெரும்புகழ் பெற்றவர் மாலிக் அம்பர். அவர் எத்தியோப்பியாவில் ஏறத்தாழ 1548ஆம் ஆண்டில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சாப்பு. இளமையிலேயே அடிமையாக விற்கப்பட்டு, அரேபியத் துறைமுகங்கள் வழியே பாக்தாத் வரை கைமாறிச் சென்றார். அடிமையின் பெயர்கூட அவனுக்கு உரியதன்று. விலை கொடுத்தவர் விரும்பிய பெயரே அவன் பெயர். பாக்தாத்தில் அவரை வாங்கிய மீர் காசிம் என்பவர், இஸ்லாம் சமயத்தைத் தழுவச் செய்து அம்பர் என்று பெயரிட்டார். தமிழ் மருத்துவர் மீனம்பர் என வழங்கும் மணப்பொருளின் பெயரே அது. எனினும், அச்சிறுவனின் கூர்மையைக் கண்டு கல்வியும் கணக்கும் கற்பித்தவரும் அவரே. பிற்காலத்தில் நிலவரித் திட்டம் வகுத்த அறிவுக்கு வித்து அங்கே விழுந்தது எனலாம்.

1570களின் தொடக்கத்தில் அம்பர் தக்காணத்திற்குக் கொண்டுவரப்பட்டார். அகமதுநகரை ஆண்ட நிஜாம் ஷாஹி அரசின் தலைமை அமைச்சர் செங்கிஸ் கான் அவரை விலைக்கு வாங்கினார். அவ்வமைச்சரும் ஒருகாலத்தில் அடிமையாக வந்த ஆப்பிரிக்கரே. அக்காலத் தக்காணத்தில் அடிமையாக வந்தவன் படைத்தலைவனாகவும் அமைச்சனாகவும் உயர்தல் அரிதேயாயினும் கூடாததன்று. செங்கிஸ் கான் இறந்தபின் அவருடைய மனைவி அம்பரை விடுதலை செய்தார். விடுதலை பெற்ற அம்பர் சிறு குதிரைப்படை ஒன்றைத் திரட்டிப் பிஜப்பூர் அரசில் பணிபுரிந்தார். மாலிக் என்னும் சிறப்புப்பெயர் அங்கே கிடைத்தது. 1595இல் ஏறத்தாழ நூற்றைம்பது குதிரை வீரருடன் அவர் அகமதுநகருக்குத் திரும்பினார்.

அரசு அப்போது நிலைகுலைந்திருந்தது. கோட்டையைக் காத்து நின்ற வீராங்கனை சாந்த் பீபி கொலையுண்டார். 1600இல் அகமதுநகர்க் கோட்டை அக்பரின் படையிடம் வீழ்ந்தது. தலைநகர் போனபின் அரசும் முடிந்தது என்று பலர் எண்ணினர். அம்பர் அவ்வாறு எண்ணவில்லை. அரச குடும்பத்து இளைஞர் ஒருவரைத் தேடிக் கொணர்ந்து, தம் மகளை மணம் செய்வித்து, இரண்டாம் முர்தஸா என்னும் பெயரில் பரண்டாக் கோட்டையில் முடிசூட்டினார். தாம் அரியணையில் அமராமல், அரசின் பெயரால் ஆட்சியை நடத்தினார்.

முகலாயரின் பெரும்படையைத் திறந்த வெளியில் எதிர்த்தல் அறிவன்று என்பதை அவர் அறிந்திருந்தார். விரைந்து செல்லும் மராத்தியக் குதிரை வீரரைச் சேர்த்துக்கொண்டு, இரவில் தாக்குதல், உணவு வரும் வழியை மறித்தல், மலைக்கணவாய்க்குள் மறைதல் என்னும் மறைமுகப் போரை நடத்தினார். அவருடன் நின்ற மராத்தியத் தலைவருள் சிவாஜியின் தந்தை ஷாஜி போன்ஸ்லேயும் ஒருவர். பின்னாளில் தஞ்சையில் மராத்திய ஆட்சியை நிறுவிய ஏகோஜியும் இந்த ஷாஜியின் மகனே. 1624இல் பாட்வடி என்னுமிடத்தில் முகலாயரும் பிஜப்பூராரும் சேர்ந்து வந்தபோது, ஏரிக்கரையை உடைத்துப் பகைவர் பாசறையை வெள்ளத்தில் ஆழ்த்தி அம்பர் வென்றார். எல்லாப் போரிலும் அவர் வென்றார் எனல் பொருந்தாது. 1616இல் முகலாயர் அவரைத் தோற்கடித்து, அவர் எழுப்பிய நகரையே பாழ்படுத்தினர். அவர் அதை மீண்டும் கட்டினார்.

ஜஹாங்கீர் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் அம்பரை இழிசொல்லின்றிக் குறிப்பிட்ட இடங்கள் அரிது. அரசவை ஓவியர் அபுல் ஹசன் வரைந்த ஓவியம் ஒன்றில், ஈட்டி முனையில் செருகப்பட்ட அம்பரின் தலை மீது ஜஹாங்கீர் அம்பு எய்கிறார். அஃது ஒருநாளும் நிகழவில்லை. போர்க்களத்தில் அடைய முடியாததைப் பேரரசர் வண்ணத்தில் அடைந்தார். இவ்வோவியம் இன்று அயர்லாந்தின் டப்ளின் நகரில் உள்ளது. ஹாஷிம் என்னும் ஓவியர் தீட்டிய மற்றோர் ஓவியம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் முதுமையெய்திய அம்பர் அமைதியாக நிமிர்ந்து நிற்கிறார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

1610இல் அம்பர் அமைத்த நகர் கட்கி. மழை குறைந்த அந்நிலத்தில் நகர் எழுப்புதல் நீரின்றி இயலாது. வடக்கேயுள்ள குன்றுப் பகுதியின் நிலத்தடி நீரைச் சுரங்கக் கால்வாய்களில் திரட்டி, சரிவின் போக்கிலேயே, ஏற்றமோ இறைப்போ இன்றி நகருக்குள் வரச்செய்தார். காற்றுப் போக்குக்கும் தூர்வாருவதற்கும் இடையிடையே கிணறு போன்ற வாய்கள் விடப்பட்டன. நஹர் எனப்படும் அக்கால்வாயின் சில பகுதிகளில் இன்றும் நீர் ஓடுகிறது. போர்களின் கணக்கைவிட இந்த நீரின் கணக்கே பெரிது.

1626ஆம் ஆண்டு மே மாதத்தில், ஏறத்தாழ 78ஆம் வயதில் அம்பர் காலமானார். முகலாய வரலாற்றாசிரியர் முதமித் கான், பகைவரேயாயினும் போர்த்திறத்திலும் ஆட்சித்திறத்திலும் அவருக்கு நிகரில்லை என்று எழுதினார். அவர் கல்லறை குல்தாபாத்தில் உள்ளது. அவருக்குப்பின் பத்தாண்டுகளில் நிஜாம் ஷாஹி அரசு மறைந்தது. கட்கியின் பெயரும் மாறி, ஔரங்காபாத் என நெடுங்காலம் வழங்கியது.

அம்பர் இறந்து முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1926 பிப்ரவரியில், அமெரிக்க வரலாற்றறிஞர் கார்ட்டர் உட்சன் கறுப்பின மக்களின் வரலாற்றுக்கென ஒரு வாரம் கொண்டாடும் வழக்கத்தைத் தொடங்கினார். பின்னர் அது ஒரு மாதமாக வளர்ந்தது. நியூயார்க்கின் ஹார்லம் பகுதியிலுள்ள ஷாம்பர்க் ஆய்வு மையம் 2013இல் இந்தியாவில் வாழ்ந்த ஆப்பிரிக்கரைப் பற்றிக் கண்காட்சி அமைத்தது. அடிமைகளாக வந்து தளபதிகளாகவும் ஆட்சியாளராகவும் உயர்ந்தோரின் ஓவியங்களும் கட்டடப் படங்களும் அதில் இடம்பெற்றன. 2014இல் அக்கண்காட்சி தில்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையத்திற்கு வந்தது. பாடநூலில் சில வரிகளே பெற்ற அம்பர், அங்கே சுவர் நிறைய நின்றார்.

கிர் காட்டுக்குச் சிங்கம் காண வருவோர், மாலையில் சித்தி மக்களின் தமால் ஆட்டத்தையும் காண்கின்றனர். அவர்களுக்கு அஃது ஒரு பொழுதுபோக்கு. ஆடுவோர்க்கோ, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தம் ஞானி பாவா கோரை வணங்கும் வழி. முழவு விரைந்து ஒலிக்க, தேங்காயை வானில் எறிந்து, அது கீழே வரும்போது தலையால் தாங்கி உடைக்கின்றனர்.