லியோ சிலார்ட்

லியோ சிலார்ட் (பெப்ரவரி 11, 1898 – மே 30, 1964) ஹங்கேரியில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்ற இயற்பியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். அணுக்கருத் தொடர்வினை என்னும் கருத்தை 1933 ஆம் ஆண்டிலேயே உருவாக்கி, அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுடன் இணைந்து நகரும் பாகங்கள் இல்லாத குளிர்சாதனப் பெட்டிகளை வடிவமைத்தார். என்ரிக்கோ பெர்மியுடன் இணைந்து அணு உலைக்கான அமெரிக்கக் காப்புரிமைக்கு உரியவரானார். தம் எண்ணங்களை ஆய்வுக் கட்டுரையாக எழுதுவதை விடக் காப்புரிமை விண்ணப்பமாக எழுதுவதில் இவர் அதிக நாட்டம் கொண்டிருந்தார். முதலில் வருவாய்க்கு வழியாக இருந்த காப்புரிமை, பின்னர் ஆபத்தான ஓர் அறிவைப் பூட்டி வைக்கும் கருவியாகவும் இவருக்குப் பயன்பட்டது.

இளமையும் கல்வியும்

சிலார்ட் ஆஸ்திரியா–ஹங்கேரிப் பேரரசில் அடங்கியிருந்த புடாபெஸ்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை கட்டடப் பொறியாளர். குடும்பப் பெயர் முதலில் ஸ்பிட்ஸ் என்று இருந்து, 1900 இல் சிலார்ட் என மாற்றப்பட்டது. 1916 இல் புடாபெஸ்டில் பொறியியல் படிப்பில் சேர்ந்தார். முதல் உலகப் போரின்போது 1917 இல் படையில் சேர்க்கப்பட்டதால் படிப்பு தடைபட்டது.

போருக்குப் பின் ஹங்கேரியில் யூதர்களுக்கு எதிரான போக்கு வலுத்தது. இதனால் 1919 இன் இறுதியில் நாட்டை விட்டு வெளியேறி பெர்லின் சென்றார். அங்கே முதலில் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியலைத் தொடர்ந்த அவர், விரைவில் இயற்பியலுக்கு மாறினார். மாக்ஸ் பிளாங்க், ஐன்ஸ்டைன், மாக்ஸ் வான் லாவே ஆகியோர் அப்போது பெர்லினில் பணியாற்றி வந்தனர். வான் லாவேயின் மேற்பார்வையில் வெப்ப இயக்கவியல் பற்றி ஆராய்ந்து 1922 இல் முனைவர் பட்டம் பெற்றார். மாக்ஸ்வெல்லின் பூதம் எனப்படும் சிந்தனைச் சோதனையைப் பற்றி 1929 இல் இவர் வெளியிட்ட கட்டுரை, தகவலுக்கும் எந்திரோபிக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டியது. பிற்காலத் தகவல் கோட்பாட்டிற்கு இது ஒரு முன்னோடியாகக் கருதப்படுகிறது.

குளிர்சாதனப் பெட்டியும் ஐன்ஸ்டைனும்

1920களில் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகிய நச்சு வாயுக்கள் குளிரூட்டிகளாகப் பயன்பட்டன. பெட்டியின் அமுக்கியில் சுழலும் அச்சு ஒன்று உண்டு. அந்த அச்சு வெளியே வரும் இடத்தில் உள்ள அடைப்பு தேய்ந்தால் வாயு கசியும். பெர்லினில் ஒரு குடும்பத்தினர் இவ்வாறு கசிந்த வாயுவால் உறக்கத்திலேயே இறந்த செய்தியை நாளிதழில் படித்த ஐன்ஸ்டைன், இதற்குப் பாதுகாப்பான மாற்று வேண்டும் என்று கருதினார். அவரும் சிலார்டும் 1926 இல் இப்பணியில் இறங்கினர்.

இருவரும் எடுத்துக்கொண்ட கொள்கை எளியது. நகரும் பாகம் இல்லையெனில் அடைப்பு தேவையில்லை. அடைப்பு இல்லையெனில் கசிவும் இல்லை. எனவே முற்றிலும் மூடப்பட்ட குழாய்களுக்குள் பாய்மங்கள் தாமே சுற்றி வரும் அமைப்பை அவர்கள் தேடினர்.

முதல் வகைப் பெட்டியில் பியூட்டேன், அம்மோனியா, நீர் ஆகிய மூன்று பொருள்கள் மூடிய குழாய்த் தொகுதியில் சுற்றி வந்தன. திரவ பியூட்டேன் இருக்கும் கலத்துக்குள் அம்மோனியா வாயு செலுத்தப்படும்போது, பியூட்டேனின் பகுதி அழுத்தம் குறைகிறது. அதனால் அது ஆவியாகிச் சுற்றுப்புறத்தின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. இக்கலவை அடுத்த கலத்தை அடையும்போது நீர் அம்மோனியாவைக் கரைத்துக்கொள்கிறது. தனித்து விடப்பட்ட பியூட்டேன் மீண்டும் திரவமாகி மேலே மிதந்து, முதல் கலத்துக்குத் திரும்புகிறது. அம்மோனியா கரைந்த நீரைச் சூடாக்கினால் அம்மோனியா பிரிந்து மறுபடியும் சுற்றில் சேர்கிறது. இதற்கு வேண்டியது ஒரு வெப்ப மூலம் மட்டுமே.

காப்புரிமை ஆய்வு

ஒரு காப்புரிமை விண்ணப்பத்தை ஆராயும் அலுவலர் பொதுவாக மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவார். கண்டுபிடிப்பு புதியதா? அது பயன் தரக்கூடியதா? துறை அறிந்த ஒருவர் படித்துச் செய்து பார்க்கும் அளவுக்கு விளக்கம் தெளிவாக உள்ளதா? விண்ணப்பதாரர் எதைத் தமக்கு மட்டும் உரியதாகக் கோருகிறார் என்பதை உரிமைக்கூற்றுகள் வரையறுக்கின்றன. பாய்மம் சுற்றும் கருவிகளில் இந்த வரையறை கடினமானது. குழாய், கலம், வெப்ப மூலம் ஆகியவை பழையனவே. எந்தப் பாய்மம் எந்த வழியாகச் சென்று என்ன வேலை செய்கிறது என்பதில்தான் புதுமை இருக்க முடியும்.

சுவீடனைச் சேர்ந்த பிளாட்டன், முன்டர்ஸ் என்னும் இரு பொறியாளர்கள் 1922 இலேயே நகரும் பாகம் இல்லாத உறிஞ்சல் வகைப் பெட்டியை உருவாக்கியிருந்தனர். அதில் அம்மோனியா குளிரூட்டியாகவும், ஹைட்ரஜன் அழுத்தத்தைச் சமன் செய்யும் வாயுவாகவும் இருந்தன. ஐன்ஸ்டைன்–சிலார்ட் அமைப்பில் பியூட்டேன் குளிரூட்டியானது. அம்மோனியா அழுத்தத்தைச் சமன் செய்யும் வாயுவானது. இந்தப் பணி மாற்றமே இரு கருவிகளையும் வேறுபடுத்தியது.

இத்தகைய வேறுபாடுகளை எழுத்தில் நிறுவுவதில் ஐன்ஸ்டைனுக்கு நேரடிப் பயிற்சி இருந்தது. அவர் 1902 முதல் 1909 வரை பெர்ன் நகரில் உள்ள சுவிட்சர்லாந்துக் காப்புரிமை அலுவலகத்தில் தொழில்நுட்ப ஆய்வாளராகப் பணிபுரிந்தவர். பிறருடைய விண்ணப்பங்களை ஆராய்ந்தவர், இப்போது விண்ணப்பதாரராக மறுபக்கம் நின்றார். சிலார்ட் விண்ணப்பங்களை எழுதுவதையும் நிறுவனங்களுடன் பேசுவதையும் ஏற்றுக்கொண்டார். இருவரும் சேர்ந்து பல நாடுகளில் 45 க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை அளித்தனர்.

உறிஞ்சல் வகைப் பெட்டிக்கு 1926 டிசம்பர் 16 அன்று ஜெர்மனியிலும், சரியாக ஓராண்டுக்குப் பின் அமெரிக்காவிலும் விண்ணப்பிக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1930 நவம்பர் 11 அன்று அமெரிக்கக் காப்புரிமை எண் 1,781,541 வழங்கப்பட்டது. பிளாட்டன்–முன்டர்ஸ் உரிமைகளை முன்னரே வைத்திருந்த எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் இதையும் விலைக்கு வாங்கியது. எனினும் இப்பெட்டி சந்தைக்கு வரவில்லை.

மின்காந்தப் பம்பு

இருவரின் கண்டுபிடிப்புகளில் மிகவும் புதுமையானது மின்காந்தப் பம்பு ஆகும். இதில் மூடிய எஃகுக் குழாயினுள் திரவ உலோகம் இருக்கும். குழாயைச் சுற்றியுள்ள மின்சுருள்கள் நகரும் காந்தப்புலத்தை உண்டாக்கும். அப்புலம் உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி அதை முன்னே தள்ளும். அவ்வாறு தள்ளப்படும் உலோகமே உந்து தண்டுபோல் குளிரூட்டி வாயுவை அமுக்கும். வெளியே நீளும் அச்சு எதுவும் இதில் இல்லை.

பெர்லினில் ஏ.இ.ஜி. நிறுவனத்தின் ஆய்வகம் இதை உருவாக்க முன்வந்தது. சோடியம்–பொட்டாசியம் கலப்புலோகம் திரவமாகப் பயன்பட்டது. 1931 ஜூலை 31 அன்று முன்மாதிரிப் பெட்டி இயங்கியது. ஆனால் பாயும் உலோகம் எழுப்பிய பேரிரைச்சல் பெரும் குறையாக இருந்தது. இரைச்சலைக் குறைக்கும் வழிகள் ஓரளவு பலித்தபோதிலும், உலகப் பொருளாதார வீழ்ச்சி நிறுவனத்தைத் தாக்கியது. அமெரிக்காவில் 1930 இல் அறிவிக்கப்பட்ட பிரியான் வாயு நச்சற்றது என்பதால், பழைய அமுக்கிப் பெட்டிகளே பாதுகாப்பானவை ஆயின. பிரியான் வகை வாயுக்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கின்றன என்பது 1970களில்தான் தெரிய வந்தது. 1932 இல் ஏ.இ.ஜி. இப்பணியைக் கைவிட்டது.

இதே காலத்தில் சிலார்ட் நேர்கோட்டு முடுக்கி (1928), சைக்ளோட்ரான் (1929) ஆகியவற்றுக்கும் ஜெர்மனியில் விண்ணப்பித்தார். எதையும் அவர் கட்டிப் பார்க்கவில்லை. சைக்ளோட்ரானை உருவாக்கிய எர்னஸ்ட் லாரன்சுக்கு 1939 இல் நோபல் பரிசு கிடைத்தது.

தொடர்வினையும் இரகசியக் காப்புரிமையும்

ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் 1933 இல் சிலார்ட் ரயிலில் பெர்லினை விட்டு வியன்னா சென்றார். ஒரு நாள் பிந்தியிருந்தால் எல்லையில் தடுக்கப்பட்டிருப்பார். பின்னர் இலண்டன் சென்று, வேலையிழந்த அறிஞர்களுக்கு இடம் தேடித்தரும் பணியில் உதவினார். அவ்வாண்டு செப்டம்பரில், அணு ஆற்றலைப் பெருமளவில் பெற இயலாது என்னும் ரதர்போர்டின் கருத்தை நாளிதழில் படித்தார். ஒரு நியூட்ரானை உட்கொண்டு இரண்டு நியூட்ரான்களை வெளியிடும் தனிமம் இருக்குமானால், வினை தானே தொடர்ந்து பெருகும் என்ற எண்ணம் அப்போது அவருக்குத் தோன்றியது.

1934 இல் இதற்குப் பிரித்தானியாவில் விண்ணப்பங்கள் அளித்தார். அத்தகைய தனிமம் எது என்பது அப்போது தெரியாது. பெரிலியம் ஆகலாம் என்று அவர் தவறாகக் கருதினார். ஆயினும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பொருள் சேர்ந்தால் வெடிப்பு நிகழும் என்பதை விண்ணப்பத்தில் எழுதியிருந்தார். காப்புரிமை வழங்கப்பட்டால் அதன் விளக்கம் அச்சாகி எல்லோருக்கும் கிடைக்கும். நாஜி ஜெர்மனியின் கையில் அது சேரக்கூடும் என அஞ்சிய சிலார்ட், உரிமையை அரசிடம் ஒப்படைத்து இரகசியமாக வைக்க முயன்றார். போர் அலுவலகம் ஆர்வம் காட்டவில்லை. 1936 இல் கடற்படைத் தலைமையகம் ஏற்றுக்கொண்டது. எண் 630,726 கொண்ட அந்தக் காப்புரிமை 1949 இல்தான் வெளியிடப்பட்டது.

பல தனிமங்களைச் சோதித்தும் பலன் கிட்டாததால், 1938 டிசம்பர் 21 அன்று இந்த இரகசியம் இனி வேண்டியதில்லை என்று கடற்படைக்குக் கடிதம் எழுதினார். அதே மாதம் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஸ்டிராஸ்மனும் யுரேனியத்தில் அணுக்கருப் பிளவைக் கண்டறிந்திருந்தனர். சில வாரங்களில் அச்செய்தி எட்டியதும், தம் கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று தந்தி அனுப்பினார்.

அணு உலை

1938 இல் அமெரிக்காவில் குடியேறிய சிலார்ட், 1939 மார்ச்சில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வால்டர் சின்னுடன் சேர்ந்து, யுரேனியப் பிளவில் நியூட்ரான்கள் வெளிப்படுவதை உறுதி செய்தார். ஆகஸ்ட் 2 தேதியிட்டு அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு ஐன்ஸ்டைன் கையெழுத்திட்ட கடிதம் இவரது முயற்சியால் உருவானது. வணிகக் கிராஃபைட்டில் கலந்துள்ள போரான் நியூட்ரான்களை விழுங்கிவிடும் என்பதை அறிந்து, தூய கிராஃபைட்டைத் தயாரிக்கச் செய்தார். 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் பெர்மியின் தலைமையில் முதல் அணு உலை இயங்கியது. அதன் ஆற்றல் மிகக் குறைவானதால் குளிர்விக்கும் அமைப்பு தேவைப்படவில்லை.

புளூட்டோனியம் தயாரிக்கும் பேருலைகளுக்கு அது இன்றியமையாததாக இருந்தது. ஹீலியம் வாயு, நீர், திரவ பிஸ்மத் ஆகியவை கருதப்பட்டன. திரவ உலோகத்தை மின்காந்தப் பம்பால் செலுத்தலாம் என்று, பழைய குளிர்சாதனப் பெட்டியின் முறையைச் சிலார்ட் முன்மொழிந்தார். யூஜின் விக்னர் குழுவின் நீர்க் குளிர்விப்பு முறையே ஹான்ஃபோர்டில் ஏற்கப்பட்டது. போருக்குப் பின் சிலார்டின் யோசனை வேறிடத்தில் பயன்பட்டது. 1951 டிசம்பரில் ஐடஹோவில் அணு ஆற்றலால் மின்விளக்குகளை எரியச் செய்த ஈனுலையில் சோடியம்–பொட்டாசியம் கலப்புலோகம் குளிர்விப்பானாகச் சுற்றியது. அங்கு மின்காந்தப் பம்புகள் அமைக்கப்பட்டிருந்தன. தமிழ்நாட்டில் கல்பாக்கத்தில் 1985 இல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலையும் திரவ சோடியத்தால் குளிர்விக்கப்படுவதே.

திட்டத்தின் தலைவர் ஜெனரல் குரோவ்ஸ் சிலார்டை நம்பவில்லை. 1942 இல் அவரைச் சிறைவைக்கவும் முயன்றார். போர்ச் செயலர் இசையவில்லை. அரசுப் பணியில் சேரும் முன் செய்த கண்டுபிடிப்புகளுக்குச் சிலார்ட் உரிமை கோரியதால் நீண்ட பிணக்கு ஏற்பட்டது. 1943 டிசம்பரில் அவர் உரிமைகளை அரசுக்கு எழுதிக்கொடுத்தார். பெர்மி, சிலார்ட் பெயர்களில் அணு உலைக்கான விண்ணப்பம் 1944 டிசம்பர் 19 அன்று இரகசியமாக அளிக்கப்பட்டது. எண் 2,708,656 கொண்ட காப்புரிமை 1955 மே 17 அன்று வழங்கப்பட்டபோது, பெர்மி இறந்து ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆகியிருந்தன. அதன் உரிமை அமெரிக்க அரசிடம் இருந்தது.

போருக்குப் பின்

ஜெர்மனி சரணடைந்த பின் குண்டைப் பயன்படுத்த வேண்டிய காரணம் மறைந்துவிட்டதாகச் சிலார்ட் கருதினார். 1945 ஜூலையில் ஜப்பான் மீது குண்டு வீசுவதற்கு எதிராக அவர் எழுதிய விண்ணப்பத்தில் 70 பேர் கையெழுத்திட்டனர். ஹிரோஷிமா அழிக்கப்படும் முன் அது அதிபர் ட்ரூமனின் பார்வைக்குச் செல்லவில்லை. அணு ஆற்றல் குடிமை நிர்வாகத்தின் கீழ் இருக்க வேண்டும் என்று பின்னர் வாதாடினார். 1946 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாறே அமைந்தது.

அதன்பின் உயிரியலுக்கு மாறினார். 1950 இல் ஆரோன் நோவிக்குடன் இணைந்து கீமோஸ்டாட் என்னும் கருவியை விவரித்தார். புதிய ஊட்டக் கரைசல் இடைவிடாது உள்ளே வர, அதே அளவு கரைசல் வெளியேறும் இக்கருவியில் நுண்ணுயிர்களை ஒரே சீரான வேகத்தில் வளர்க்க முடியும்.

1951 இல் மருத்துவரான கெர்ட்ருட் வைஸை மணந்தார். 1960 இல் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கண்டபோது தமக்கான கதிர்வீச்சு மருத்துவத்தைத் தாமே திட்டமிட்டுக் குணமடைந்தார். 1962 இல் அணு ஆயுதக் குறைப்புக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் 1964 மே 30 அன்று உறக்கத்தில் மாரடைப்பால் காலமானார். நிலவின் மறுபக்கத்தில் உள்ள ஒரு கிண்ணக்குழிக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது. 1996 இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்களின் தேசியப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.