ஆலைக்குப் போன அறிஞர்

கையிலே உணவுப் பாத்திரம், காலிலே வேகம். நூற்பாலையை நோக்கி ஓடுகிறான் ஒரு சிறுவன். அங்கே அவன் தந்தை, எந்திரத்தின் மீது சாய்ந்தபடியே அவசர அவசரமாக உண்கிறார். வெறும் பாத்திரத்தை மகன் கையிலே கொடுத்துவிட்டு, அடுத்த கணமே வேலைக்குத் திரும்புகிறார். நாளொன்றுக்கு 14 மணி நேர உழைப்பு; வியாபாரம் செழித்தாலோ 16 மணி நேரம்! நண்பகல் ஓய்வு என்ற பேச்சே இல்லை.

தோழர்களே, ஜெர்மனியின் ஐசனாக் நகரிலே 1840-ல் பிறந்த அந்தச் சிறுவன்தான் எர்னஸ்ட் அபே. பின்னாளில் உலகம் போற்றிய விஞ்ஞானி. பல்கலைக் கழகமும் தொழிற்சாலையும் கைகோத்தால் என்ன விளையும், அதிலே எத்தனை இடர் உண்டு என்பதற்கு அவர் வாழ்வே பாடம்.

ஏழ்மையோடு போராடிப் படித்தார். 1861-ல் கோட்டிங்கனில் டாக்டர் பட்டம். 1863-ல் யேனா பல்கலைக் கழகத்திலே விரிவுரையாளர் பதவி.

அதே யேனாவிலே, 1846 முதல் பட்டறை நடத்தி வந்தவர் கார்ல் சைஸ். நுண்ணோக்கி செய்வது அவர் தொழில். அந்நாளில் வில்லைக் கண்ணாடியைத் தேய்ப்பார்கள், பொருத்துவார்கள், பார்ப்பார்கள். சரியில்லையென்றால் மீண்டும் தேய்ப்பார்கள். கைத்திறன் இருந்தது, கணக்கு இல்லை. கணக்கைத் தேடிய சைஸ், 1866-ல் அபேயை நாடினார்.

உடனே வெற்றி குவிந்ததா? இல்லை! அபே ஏட்டிலே கணக்கிட்டார். தொழிலாளர் அதன்படியே வில்லை செய்தனர். குறைகள் நீங்க வேண்டுமென்று ஒளி புகும் அகலத்தைக் குறைத்திருந்தார் அபே. பார்த்தால், பழைய வில்லைகள் காட்டிய நுட்பங்களைக்கூடப் புதியவை காட்டவில்லை! பணமும் காலமும் பாழ்.

இங்கேதான் பல கூட்டுகள் உடைந்துவிடுகின்றன. படித்தவர், செய்தவன் கை சரியில்லை என்பார். முதல் போட்டவர், படிப்பு பயனில்லை என்பார். ஆய்வாளருக்கு உண்மை கிடைக்க ஆண்டுகள் வேண்டும். தொழிலுக்கோ மாதம் பிறந்தால் கூலி கொடுக்க வேண்டும். ஒருவர் அவசரம் மற்றவருக்குப் புரிவதில்லை.

சைஸ் பொறுத்தார். அபேயோ, பிழை பட்டறையில் இல்லை, தன் கணக்கிலேதான் என்று கண்டார். நுண்பொருளின் மீது பட்டுச் சிதறும் ஒளியையும் வில்லை உள்வாங்க வேண்டும். அதற்கு அகலம் தேவை. கைவினைஞர் அனுபவத்தால் பிடித்து வைத்திருந்த உண்மைக்கு, அபே காரணம் கண்டுபிடித்தார்! 1873-ல் அந்தக் கொள்கையை உலகறிய வெளியிட்டார்.

அடுத்து வந்த தடை, கண்ணாடி. கணக்கு கேட்ட தன்மையுள்ள கண்ணாடி எங்கும் கிடைக்கவில்லை. வேதியியல் கற்ற ஓட்டோ ஷாட் என்ற இளைஞர் 1879-ல் கடிதம் எழுதினார், இருவரும் கூடினர், 1884-ல் யேனாவிலே கண்ணாடித் தொழிற்கூடம் எழுந்தது. காசநோய்க் கிருமியை 1882-ல் கண்டறிந்த ராபர்ட் கோக், சைஸ் நிறுவனக் கருவிகளைக் கொண்டு ஆராய்ந்தவர் என்பதை மறக்கலாமா?

அபே 1876-ல் நிறுவனத்தின் பங்காளியானார். செல்வம் சேர்ந்தது. பெர்லின் பல்கலைக் கழகம் அழைத்தது, போகவில்லை. அவர் உள்ளத்தைக் குடைந்தது வேறொரு கேள்வி: இந்தச் செல்வம் யாருடையது?

அறிவைத் தந்தது பல்கலைக் கழகம். உருவைத் தந்தது தொழிலாளியின் கை. அப்படியிருக்க, இலாபம் மட்டும் ஒருவர் பெட்டியிலே அடங்குவது எந்த நியாயம்? சைஸ் 1888-ல் மறைந்தார். மறு ஆண்டே அவர் பெயரால் ஓர் அறநிலையம் கண்டார் அபே. 1891-ல் தம் பங்கையே அதற்கு எழுதி வைத்தார். யேனா பல்கலைக் கழகத்துக்கு அதிலிருந்து நிதி பாய்ந்தது. தொழிலாளருக்கு ஊதியத்தோடு விடுமுறை, ஓய்வூதியம், இலாபத்திலே பங்கு! பிறப்பையும் மதத்தையும் கட்சியையும் பார்த்து எவரையும் ஒதுக்கக் கூடாது என்று விதி. நிர்வாகியின் சம்பளம் தொழிலாளியின் சராசரி ஊதியத்தைப்போல் 10 மடங்கைத் தாண்டக் கூடாது என்றும் விதி!

1900-ல் எட்டு மணி நேர வேலைநாளையும் கொண்டுவந்தார். உற்பத்தி சரியும் என்றனர் சிலர். விஞ்ஞானி அல்லவா? அளந்து பார்த்தார். முன்பு ஒன்பது மணி நேரத்தில் செய்ததைவிடச் சற்றுக் கூடுதலாகவே எட்டு மணி நேரத்தில் செய்திருந்தனர் தொழிலாளர்!

1905-ல் அபே மறைந்தார். அவர் கண்ட அறநிலையமே இன்றும் சைஸ், ஷாட் நிறுவனங்களின் உடைமையாளர்.

ஆராய்ச்சியும் ஆலையும் இணையட்டும் என்று இன்று எங்கும் பேசப்படுகிறது. நல்லது, இணையட்டும்! ஆனால் ஒப்பந்தம் எழுதும்போது மூன்றாவதாக ஒருவனுக்கும் இடம் வேண்டும். உணவுப் பாத்திரத்தோடு ஆலை வாயிலிலே நின்ற அந்தச் சிறுவனின் தந்தைக்கு!