டாக்டர் வகீலும் சர்ப்பகந்தியும்

குற்றாலமலை அடிவாரத்து மேலகரவாசிகளுக்கு மூலிகையின் பெருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் பெருமை வேறு, ருஜு வேறு. இப்பேதத்தை உணர்ந்தவர் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல். 1911-ல் பிறந்து, லண்டனில் வைத்தியம் பயின்று, தாயகம் திரும்பி இருதய நோய்ச் சிகிச்சையில் ஈடுபட்டார். சர்ப்பகந்தி வேரை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்தனர். அது இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை ஸென், போஸ் இருவரும் 1931-லேயே எழுதினர், மேனாடு செவிசாய்க்கவில்லை. வகீலோ நோயாளிகள் 50 பேருக்கு அதைக் கொடுத்து, அழுத்தத்தை அளந்து, கண்டதை 1949-ல் பிரிட்டிஷ் இருதய வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். இருதயத் தமனிகளைக் கெடுப்பனவற்றுள் உயர் அழுத்தம் முக்கியமானதன்றோ? அதன்பின் மேனாட்டார் விழித்தனர். 1952-ல் ஸ்விட்ஸர்லாந்தில் அவ்வேரினின்று ரெஸர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. 1957-ல் அமெரிக்க லாஸ்கர் பரிசு வகீலை நாடி வந்தது. 1974-ல் அவர் காலமானார். மனச்சோர்வு விளைக்குமென்ற அச்சத்தால் அம்மருந்து பிற்பாடு பின்தள்ளப்பட்டது. அதையும் மறைக்க நாம் விரும்பவில்லை.